பள்ளிகளைப் பூட்டியது யார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

1957-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ராணுவப் பாதுகாப்புடன் வெள்ளையர் பள்ளிக்குச் சென்றதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். அதன் கடைசிப் பகுதியில், வர்ஜீனியாவின் ஒரு கவுன்டி கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதைவிடப் பள்ளிகளையே மூடிவிடலாம் என்று முடிவு செய்து ஐந்து ஆண்டுகள் பூட்டி வைத்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் பணியாற்றித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. மழைக்கு இரண்டு நாள் விடுமுறை விட்டாலே சனிக்கிழமைகளில் ஈடுசெய்யச் சொல்லிச் சுற்றறிக்கை வரும் நிர்வாகத்தில் இருந்தவன் நான். ஐந்து ஆண்டுகள் பூட்டி வைக்க எந்தச் சட்டம் இடம் கொடுத்தது? அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனியார் பள்ளி அமைத்துத் தருவதாக வெள்ளையர் முன்வந்ததாகவும், கறுப்பினத் தலைவர்கள் அதை மறுத்ததாகவும் பின்னர் படித்தேன். கொள்கைக்காகப் பிள்ளைகளின் படிப்பைப் பலிகொடுத்ததில் அவர்களுக்கும் பங்கில்லையா? அந்தப் பள்ளிக் கட்டடம் இன்றும் இருக்கிறதா?

எஸ்.,
கும்பகோணம்

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

அந்த ஒரு வரி என் பிழைதான். லிட்டில் ராக்கைப் பற்றி எழுதுவது எளிது. அங்கே கூச்சலிடும் கூட்டம் இருந்தது, துப்பாக்கி ஏந்திய வீரர்கள் இருந்தார்கள், உலகம் முழுவதும் பார்த்த புகைப்படங்கள் இருந்தன. நீங்கள் கேட்கும் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டியில் அப்படி எதுவும் இல்லை. அங்கே நடந்தது பெரும்பாலும் ஒரு வாரியத்தின் கூட்டக் குறிப்பேட்டிலும் வரவுசெலவுத் திட்டத்திலும் நடந்தது. அதனாலேயே என்னைப் போன்றவர்கள் அதை ஒரு வரியில் முடித்துவிடுகிறோம்.

கவுன்டி என்பது ஏறக்குறைய நம் வட்டத்திற்கும் மாவட்டத்திற்கும் இடைப்பட்ட ஒரு நிர்வாக அலகு. ஆனால் சொந்தமாக வரி விதிக்கும் அதிகாரம் கொண்டது. இந்த அதிகாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுவதும் அதைச் சுற்றித்தான் நடக்கிறது. பிரின்ஸ் எட்வர்ட், வர்ஜீனியாவின் தென்பகுதியில் புகையிலை விளையும் நாட்டுப்புறம். அதன் தலைநகர் ஃபார்ம்வில் என்னும் சிற்றூர். அடிமை முறையைக் கைவிட மறுத்த தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்த உள்நாட்டுப் போரின் கடைசி வாரத்தில், 1865 ஏப்ரல் 7 அன்று, தளபதி கிராண்ட் தெற்கின் தளபதி ராபர்ட் லீக்குச் சரணடையும்படி முதல் கடிதம் எழுதியது இந்த ஊரிலிருந்துதான். அடுத்த நூற்றாண்டில் தெற்கின் கடைசிவரை சரணடைய மறுத்த ஊர்களில் ஒன்றாக அதுவே ஆனது.

அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே உயர்நிலைப் பள்ளி, ராபர்ட் ருஸ்ஸா மோட்டன் பள்ளி. 1939-இல் 180 மாணவர்களுக்காகக் கட்டப்பட்ட அந்தச் செங்கல் கட்டடத்தில் 1950 வாக்கில் 450-க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். உடற்பயிற்சிக் கூடம் இல்லை, உணவுக்கூடம் இல்லை, அறிவியல் ஆய்வகம் இல்லை. இடம் போதவில்லை என்று பெற்றோர் கேட்டபோது பள்ளி வாரியம் மரச்சட்டத்தின்மேல் தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளைப் போட்டுக்கொடுத்தது. மழையில் ஒழுகும், குளிர்காலத்தில் அடுப்புக்கு அருகே உட்கார்ந்தவனுக்கு வேர்க்கும், தள்ளி உட்கார்ந்தவன் மேலங்கியைக் கழற்ற மாட்டான். நின்றுகொண்டிருக்கும் பேருந்துக்குள்ளும் வகுப்பு நடந்ததுண்டு. வெள்ளைப் பிள்ளைகளின் ஃபார்ம்வில் உயர்நிலைப் பள்ளியில் மேற்சொன்ன எல்லாம் இருந்தன.

பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவி ஒருநாள் தன் பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டுச் சாலையோரம் நின்றிருந்தாள். பாதி இருக்கைகள் காலியாக வெள்ளைப் பிள்ளைகளின் பேருந்து அவளைக் கடந்து போனது. அதற்கு முன்பே இசை ஆசிரியையிடம் பள்ளியின் நிலையைச் சொல்லிப் புலம்பியபோது, "அதற்கு நீ ஏதாவது செய்யலாமே" என்ற பொருளில் அவர் சொன்ன பதில் அவள் மனத்தில் இருந்தது. நம்பிக்கையான சில மாணவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் ரகசியமாகத் திட்டமிட்டாள். 1951 ஏப்ரல் 23 அன்று தலைமையாசிரியர் பாய்ட் ஜோன்ஸுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது: உங்கள் மாணவர்கள் சிலர் ஊருக்குள் தொல்லையில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், உடனே வாருங்கள் என்று. அவர் கிளம்பிப் போனதும் எல்லா வகுப்புகளுக்கும் அரங்கில் கூடும்படி சீட்டு போனது. கீழே 'ஜே' என்று ஒற்றை எழுத்துக் கையெழுத்து. ஜோன்ஸும் ஜான்ஸும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன என்பதால் அதைக் கள்ளக் கையெழுத்து என்றுகூடச் சொல்வதற்கில்லை. தலைமையாசிரியராக இருந்த நீங்கள் இந்த இடத்தில் யார் பக்கம் நிற்பீர்கள் என்று அறிய ஆவல்.

திரை விலகியபோது மேடையில் தலைமையாசிரியர் இல்லை, பார்பரா இருந்தாள். ஆசிரியர்களை வெளியேறச் சொன்னாள், பேசினாள், மாணவர்கள் அனைவரும் பள்ளியை விட்டு வெளியேறினார்கள். வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது. அவர்கள் கேட்டது இன ஒருங்கிணைப்பை அல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெள்ளையருக்கு இருப்பதைப் போல ஒரு நல்ல கட்டடம், அவ்வளவுதான். மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் இருந்த ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற இரு கறுப்பின வழக்கறிஞர்களுக்கு மாணவர்கள் எழுதினார்கள். வேறொரு வழக்குக்காகப் போகும் வழியில், பிள்ளைகளை வகுப்புக்குத் திரும்பச் சொல்லலாம் என்ற எண்ணத்துடன் வந்த அவர்கள், எல். பிரான்சிஸ் கிரிஃபின் என்ற போதகரின் தேவாலயத்தில் மாணவர்களைச் சந்தித்த பிறகு மனம் மாறினார்கள். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்கள்: சமமான தனிப்பள்ளி கேட்டு வழக்காட மாட்டோம், பிரித்து வைப்பதே தவறு என்று வழக்காடச் சம்மதித்தால் வருகிறோம். பிள்ளைகளும், பல கூட்டங்களுக்குப் பிறகு பெற்றோரும், சம்மதித்தார்கள். ஒரு மாதம் கழித்து, மே 23 அன்று, 117 மாணவர்களின் பெயரில் வழக்குப் பதிவானது. பின்னர் பிரவுன் வழக்கு என்று உலகம் அறிந்த ஐந்து வழக்குகளின் தொகுப்பில், மாணவர்களே தொடங்கிய போராட்டத்திலிருந்து பிறந்தது இது ஒன்றுதான்.

அதற்கான விலையும் உடனே வசூலிக்கப்பட்டது. தலைமையாசிரியர் ஜோன்ஸுக்கு வேலை போயிற்று. பாதுகாப்புக் கருதிப் பார்பராவை அலபாமாவின் மான்ட்கமரியில் இருந்த, தந்தையின் சகோதரர் வெர்னான் ஜான்ஸின் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் அங்கே போதகராக இருந்த டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயத்துக்கு அவருக்குப் பின் வந்தவர்தான் மார்ட்டின் லூதர் கிங்.

1952-இல் ரிச்மண்டில் மூன்று நீதிபதிகள், பிரித்து வைப்பதால் இரு இனத்தாருக்கும் தீங்கு எதுவும் தெரியவில்லை என்று தீர்ப்பளித்தார்கள்; வசதிகளை மட்டும் சமமாக்கச் சொன்னார்கள். மேல்முறையீட்டில் தோற்றுவிடக்கூடாது என்ற அவசரத்தில், பல ஆண்டுகளாகப் பணமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த கவுன்டி 1953-இல் ஒரு புதிய மோட்டன் உயர்நிலைப் பள்ளியைக் கட்டித் திறந்துவிட்டது. பார்பரா கேட்டது இரண்டே ஆண்டுகளில் கிடைத்துவிட்டது. மறு ஆண்டு, 1954 மே 17 அன்று, பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்து வைப்பதே அரசமைப்புக்கு முரணானது என்று ஒருமனதாகச் சொன்னது. இந்த இரண்டு வெற்றிகளுக்குப் பிறகு, 1959-இல் பூட்டப்பட்ட பள்ளிகளில் அந்தப் புதிய பள்ளியும் ஒன்று.

இனி உங்கள் முதல் கேள்வி. 1955-இல் தீர்ப்பை எப்போது நிறைவேற்றுவது என்று சொல்ல வந்த உச்ச நீதிமன்றம் நாள் குறிக்கவில்லை. நிதானத்துடன் கூடிய விரைவு என்ற பொருளுடைய ஒரு சொற்றொடரைப் போட்டது. தெற்கு மாநிலங்கள் அதில் நிதானத்தை மட்டும் வாசித்தன. வர்ஜீனியாவின் அரசியலைக் கையில் வைத்திருந்த செனட்டர் ஹாரி பேர்ட் 'மாபெரும் எதிர்ப்பு' என்று ஒரு கொள்கையையே அறிவித்தார். எந்தப் பள்ளியில் இரு இனத்தாரும் சேர்கிறார்களோ அந்தப் பள்ளியை ஆளுநர் மூட வேண்டும் என்று மாநிலச் சட்டமே வந்தது. 1958 இலையுதிர் காலத்தில் நார்ஃபோக், சார்லட்ஸ்வில், வாரன் கவுன்டி ஆகிய இடங்களில் அப்படிப் பள்ளிகள் மூடப்பட்டன. 1959 ஜனவரி 19 அன்று மாநில உச்ச நீதிமன்றமும் கூட்டாட்சி நீதிமன்றமும் ஒரே நாளில் அந்தச் சட்டங்களை ரத்து செய்தன. அன்று தளபதி லீயின் பிறந்தநாள் என்பது பலருக்கு உறுத்தியது.

மற்ற ஊர்கள் அதோடு பணிந்தன. பிரின்ஸ் எட்வர்ட் வேறொரு கதவைக் கண்டுபிடித்தது. பள்ளியை மூடு என்று யாரும் உத்தரவிட வேண்டியதில்லை, பள்ளிக்குப் பணம் ஒதுக்காமல் இருந்தால் போதும். 1950-களின் நடுவிலிருந்தே அந்தக் கவுன்டியை நிர்வகித்த மேற்பார்வையாளர் வாரியம் பள்ளிகளுக்கு ஆண்டு நிதி தராமல் மாதம் மாதம் அளந்து கொடுத்து வந்தது. எந்த மாதமும் நிறுத்திக்கொள்ளலாம் என்பதற்கான ஏற்பாடு அது. வெள்ளையர்களில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர், ஒன்றாகப் படிப்பதைவிடப் பொதுப் பள்ளிகளைக் கைவிடுவதே மேல் என்ற பிரகடனத்தில் 1956-இலேயே கையொப்பமிட்டிருந்தார்கள். 1959 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரும் செப்டம்பரில் கறுப்பின மாணவர்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றது. ஜூனில் வாரியம் கூடியது, பள்ளிகளுக்கான வரியை விதிக்கவில்லை, எழுந்து போனது. கட்டாய வருகைச் சட்டத்தை அந்தந்த ஊரின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம் என்று மாநிலச் சட்டமன்றம் சில வாரங்களுக்கு முன்புதான் திருத்தியிருந்தது. எனவே பிள்ளைகள் பள்ளிக்கு வராததும் குற்றமில்லை, பள்ளி இல்லாததும் குற்றமில்லை. சட்டம் இடம் கொடுத்ததா என்று கேட்டீர்கள். சட்டம் தடுக்க மறந்த ஓர் இடத்தில் அவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள் என்பதே சரியான விடை.

எங்கள் ஊரில் ஒரு கல்கூட வீசப்படவில்லை என்பதில் அந்த ஊர்ப் பெரியவர்களுக்குப் பெருமை உண்டு. பெருமளவுக்கு அது உண்மைதான். வங்கி, செய்தித்தாள், தேவாலயம், வணிகர் சங்கம் எல்லாவற்றிலும் மதிப்பான இடத்தில் இருந்தவர்கள் அமைதியாகச் செய்த காரியம் அது. லிட்டில் ராக்கின் கும்பலை ராணுவம் கலைக்க முடிந்தது. நிதி ஒதுக்காத ஒரு தீர்மானத்தை எந்த ராணுவத்தை அனுப்பிக் கலைப்பது?

வெள்ளைப் பிள்ளைகளின் படிப்பு நிற்கவில்லை. பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி என்ற தனியார் பள்ளி அதே செப்டம்பரில் தேவாலயங்களிலும் பிற கட்டடங்களிலுமாகத் திறந்துவிட்டது. முதல் ஆண்டு நன்கொடையில் நடந்தது. அதன் பிறகு கட்டணம் வந்தபோது, மாநிலமும் கவுன்டியும் கல்வி மானியம் என்ற பெயரில் பொதுப் பணத்தைப் பெற்றோர் வழியாக அங்கே கொண்டு சேர்த்தன. 1961-இல் கூட்டாட்சி நீதிமன்றம் பள்ளிகள் மூடியிருக்கும் வரை அந்தப் பணத்தைத் தடுத்தது. கட்டணம் கட்ட முடியாத ஏழை வெள்ளையர்களின் பிள்ளைகள் சிலரும் வீட்டில் இருக்க நேர்ந்தது; அவர்களைப் பற்றி எந்தத் தரப்பும் அதிகம் பேசவில்லை.

ஏறத்தாழ 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. உறவினர் இருந்தவர்கள் அடுத்த கவுன்டிக்கும் வேறு மாநிலங்களுக்கும் போனார்கள். பெற்றோர் இங்கேயும் பிள்ளை அங்கேயுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. மேல் வகுப்பு மாணவர்கள் சிலரை வட கரோலினாவின் கிட்ரல் கல்லூரி ஏற்றுக்கொண்டது. குவேக்கர் சமயத்தாரின் அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழு வேறு சிலரை வட மாநிலக் குடும்பங்களில் தங்க வைத்துப் படிக்க வைத்தது. மிகப் பலர் எங்கும் போகவில்லை. பெரிய பிள்ளைகள் புகையிலைத் தோட்டத்திலும் வீட்டு வேலையிலும் சேர்ந்தார்கள், சிறியவர்கள் சும்மா இருந்தார்கள். கிரிஃபினும் அவரைச் சேர்ந்தவர்களும் தேவாலயத் தளங்களில் பயிற்சி மையங்கள் நடத்தினார்கள். அவற்றைப் பள்ளி என்று அழைக்காமல் இருக்க அவர்கள் கவனமாக இருந்தார்கள். ஏன் என்பதில்தான் உங்கள் கடினமான கேள்விக்கான விடை தொடங்குகிறது.

நீங்கள் படித்தது உண்மை. 1959 இறுதியில் வெள்ளையர் சிலர் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் ஒரு தனியார் பள்ளி அமைக்க முன்வந்தார்கள். ஏறக்குறைய ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. கறுப்பினத் தலைவர்களின் கணக்கு இது: கறுப்பினத்தவரும் தனியார் பள்ளியையும் அரசு மானியத்தையும் ஏற்றுக்கொண்டால், இரு இனத்தாருக்கும் ஒரேபோலத்தான் நடக்கிறது, யாருடைய உரிமை பறிபோனது என்று கவுன்டி நீதிமன்றத்தில் கேட்கும். வெள்ளையரின் அகாடமிக்குப் போகும் பொதுப் பணத்துக்கு அதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது. அதோடு, பொதுப் பள்ளியை ஒழித்துவிட்டுத் தீர்ப்பிலிருந்து தப்பலாம் என்ற வழி பிரின்ஸ் எட்வர்டில் செல்லுபடியானால் தெற்கு முழுவதும் பரவும். 1951-இல் ஒரு கட்டடத்தைக் கேட்டுத் தொடங்கிய பிள்ளைகளின் பெற்றோர், 1959-இல் கட்டடத்தைத் தருகிறோம் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

இதில் நான் அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். திருடியவன் திருட்டுப் பொருளில் பாதியைத் தானமாகத் தருவதாகச் சொல்லும்போது, வேண்டாம் என்றவனிடம் போய் உன் வறுமைக்கு நீயும் காரணம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் ஆசிரியராக நீங்கள் கேட்டதில் ஒரு பாதியை நான் மறுக்கவும் முடியாது. வழக்கு ஓராண்டில் முடியும் என்று நம்பியவர்களுக்கு அது ஐந்து ஆண்டுகளாக நீண்டது. முடிவெடுத்தவர்கள் பெரியவர்கள், ஆண்டுகளை இழந்தவர்கள் சிறுவர்கள். கிரிஃபின் தன் சொந்தப் பிள்ளைகளை வழக்கின் மனுதாரர்களாக நிறுத்தியவர் என்பதால், மற்றவர் பிள்ளைகளை முன்னே தள்ளினார் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆயினும் வெளியூரில் உறவினர் உள்ள குடும்பமும் யாரும் இல்லாத கூலிக் குடும்பமும் அந்த மறுப்புக்குக் கொடுத்த விலை ஒன்றல்ல.

1963 மார்ச்சில் கூட்டாட்சி அரசின் தலைமை வழக்கறிஞராக, அதாவது சட்ட அமைச்சராக, இருந்த ராபர்ட் கென்னடி ஓர் உரையில், சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவைத் தவிர்த்தால் உலகில் இலவசப் பொதுக்கல்வி இல்லாத இடங்கள் என்று கம்யூனிச சீனா, வட வியட்நாம், சரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் ஆகியவற்றை அடுக்கி, கடைசியாகப் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டியைச் சேர்த்தார். அந்தக் கோடையில் ஃபார்ம்வில் கடைவீதியிலும் தேவாலய வாசல்களிலும் இளைஞர்கள் ஆர்ப்பாட்டம் செய்து கைதானார்கள். செப்டம்பரில், தனியார் நன்கொடையிலும் கூட்டாட்சி அரசின் ஊக்கத்திலும், மூன்று வெள்ளையரும் மூன்று கறுப்பினத்தவரும் கொண்ட அறங்காவலர் குழுவின் கீழ் இலவசப் பள்ளிகள் ஓராண்டுக்குத் திறக்கப்பட்டன. வந்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் கறுப்பினப் பிள்ளைகள். வெள்ளைப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவன், பள்ளிகளை மூடியதை எதிர்த்து ஊரின் பகையைத் தேடிக்கொண்ட வெள்ளைப் பேராசிரியர் கார்டன் மாஸின் மகன். அந்தப் பள்ளிகளில் வயதுக்கேற்ற வகுப்பு என்பதே வைக்க முடியவில்லை. பத்து வயதிலும் எழுத்து தெரியாதவர்கள் இருந்ததால் வகுப்பு எண்களை விட்டுவிட்டு, யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதை வைத்துப் பிரித்தார்கள்.

1964 மே 25 அன்று கிரிஃபின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரவுன் தீர்ப்புக்குப் பத்து ஆண்டுகளும் எட்டு நாட்களும் ஆகியிருந்தன. தீர்ப்பை எழுதியவர் ஹ்யூகோ பிளாக். அலபாமாக்காரர், இளமையில் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானில் உறுப்பினராக இருந்தவர். வெறும் நிதானமான விரைவுக்கான காலம் முடிந்துவிட்டது என்று அவர் எழுதினார். பள்ளிக்கு வரி விதிக்கும்படி கவுன்டிக்கே நீதிமன்றம் உத்தரவிடலாம் என்பதுதான் அத்தீர்ப்பின் புதுமை. பள்ளிகளைத் திறக்கும்படி நீதிமன்றம் ஆணையிடலாம் என்பதில் மட்டும் இரண்டு நீதிபதிகள் உடன்படவில்லை. செப்டம்பரில் பொதுப் பள்ளிகள் திறந்தன. வெள்ளைப் பிள்ளைகள் பெரும்பாலோர் அகாடமியிலேயே தொடர்ந்தார்கள், திரும்பி வர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

சட்டப் புத்தகங்களில் இது கறுப்பினத்தவரின் முழு வெற்றி. அந்த வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் பத்து ஆண்டு என்பது ஒரு வழக்கின் இயல்பான வயது. 1959-இல் ஏழு வயதாக இருந்து இரண்டாம் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் பொதுப் பள்ளி திரும்பக் கிடைத்தது. பதினான்கு வயதாக இருந்தவனுக்குக் கிடைக்கவே இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்த உங்களுக்கு, ஒன்பது வயதில் கற்காத ஒன்றைப் பத்தொன்பதில் கற்பது என்ன பாடு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

2003-இல் வர்ஜீனியாச் சட்டமன்றம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு, படிப்பு நின்றுபோனவர்களுக்குக் கௌரவப் பள்ளிச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. அடுத்த ஆண்டு, விட்ட இடத்திலிருந்து படிக்க விரும்புவோருக்கு மாநில உதவித்தொகை வந்தது. அதைப் பெறத் தகுதி இருந்தவர்களில் இளையவர்களுக்கே ஐம்பது வயது நெருங்கியிருந்தது.

கட்டடம் இருக்கிறது. 1939-இல் கட்டிய அந்தச் செங்கல் பள்ளி இப்போது அருங்காட்சியகம். வேலைநிறுத்தத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவான 2001 ஏப்ரல் 23 அன்று திறந்தார்கள். பார்பரா பிற்காலத்தில் பிலடெல்பியாவின் பள்ளிகளில் நூலகராகப் பணியாற்றி 1991-இல் இறந்துவிட்டதால் அதைப் பார்க்கவில்லை. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு சிலைகள் வைக்க இடமுண்டு. வர்ஜீனியாவின் இரண்டில் ஒன்றாக நூறாண்டுக்கு மேல் நின்றிருந்த தளபதி லீயின் சிலையை 2020 டிசம்பரில் அகற்றினார்கள். அந்த இடத்துக்கு மாநிலம் தேர்ந்தெடுத்தது பதினாறு வயது பார்பரா ஜான்ஸை.

அன்புடன்.